உணர்வில்லாத கால் எப்படி எரியும்? – வாசகர் கேள்வி பதில்

(தண்டுவடத்தில் அடிபட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் வலி பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. பதில் சொல்பவர், ரங்கூனில் இத்தகையவர்களுக்கே சிகிச்சை அளித்து ஓய்வு பெற்ற பிஸியோதெரபிஸ்ட் அம்மையார். வாசகர்கள் வழக்கம்போல அவரை ‘சயாமா’ (பர்மிய மொழியில் ஆசிரியை) என்றே அழைத்திருக்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)

கேள்வி: சயாமா அவர்களுக்கு வணக்கம். எங்களுக்கு முடோன் பக்கத்தில் பாக்குத் தோட்டம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு குலை வெட்ட ஏறிய என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்துவிட்டது. ரங்கூனில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, தொட்டால் உணர்வும் இல்லை. ஆனால் ராத்திரி ஆனால் இரண்டு காலிலும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது என்று துடிக்கிறார். கிள்ளினால் தெரியாத கால் எப்படி எரியும் என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். மருந்துக்கடைப் பொட்டலம் வாங்கிக் கொடுக்கிறோம். பகலெல்லாம் தூங்குகிறார், எரிச்சல் மட்டும் போகவில்லை. தோட்டத்தில் பாதியை விற்று வேலூருக்குக் கூட்டிப் போகலாமா? – முடோன் வாசகி

பதில்: அம்மா, முதலில் உங்கள் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாயை மூடினால்தான் உங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்து தன் வலியைச் சொல்வார்.

அவர் சொல்வது உண்மை. தோலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புப் பாதை தண்டுவடத்தில் அறுந்துவிட்டது. அதனால்தான் கிள்ளினால் தெரிவதில்லை. ஆனால் அறுந்த இடத்திலும் அதற்கு மேலேயும் இருக்கிற நரம்பணுக்கள் சும்மா இருப்பதில்லை. கீழேயிருந்து வரவேண்டிய செய்தி நின்றுபோனதும், அவற்றில் சில தாமாகவே சமிக்ஞை அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. மூளையில் காலுக்கென்று இருக்கிற பகுதி அப்படியேதான் இருக்கிறது. வருகிற சமிக்ஞையை அது ‘கால் எரிகிறது’ என்றே எடுத்துக்கொள்கிறது. இதை நரம்பு வலி என்கிறோம். தண்டுவடக் காயம் பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. அடிபட்ட சில வாரங்களிலேயே வரலாம், வருடக்கணக்கில் கழித்தும் தலைகாட்டலாம். ராத்திரியில் கூடுவது இதன் குணம். வீடு அடங்கி, வேறு எதிலும் கவனம் போகாத நேரத்தில் அது முழுசாகத் தெரியும். பேய் பிடித்ததும் இல்லை, மனப்பிரமையும் இல்லை, உங்கள் கவனிப்பில் குறையும் இல்லை.

இப்போது அந்தப் பொட்டலம். நாலைந்து மாத்திரைகளைக் கலந்து, பெயர் தெரியாமல் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகத் தருவது நம் ஊரில் பழகிப்போன ஒன்று. அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வீக்க வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் தூக்கத்துக்கு ஒன்றும் இருக்கும். வீக்க வலி மாத்திரை மூட்டு வலிக்குக் கேட்கும், நரம்பு வலிக்குக் கேட்காது. நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை சரியாக இயங்காததால் சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே பாரம் இருக்கிறது. முந்தின தலைமுறையில் இவர்களில் ஏராளமானவர்களின் உயிரை எடுத்தது சிறுநீரகக் கோளாறுதான். ஆகவே அந்தப் பொட்டலம் வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் தினமும் போட்டு வந்திருந்தால் நாளைக்கே நிறுத்தவும் வேண்டாம். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு மயங்கிச் சரியலாம். ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

நரம்பு வலிக்கென்று உள்ள மருந்துகள் வேறு. பிரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகிய மூன்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். இதில் முதல் இரண்டும் ஒரே குடும்பம், ஒன்று போட்டால் மற்றது வேண்டாம். அமெரிக்காவில் 2012-இல் தண்டுவடக் காய நரம்பு வலிக்கென்றே பிரீகாபலினுக்கு அனுமதி கொடுத்தார்கள். வழக்கமாக ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமில் ஆரம்பித்து, உடம்பு தாங்குவதைப் பார்த்துக் கூட்டுவார்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அதனால் ஆரம்பிக்கும் முன்பே, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, படுக்கும்போது 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். தூக்கமும் கொடுக்கும், மனச்சோர்வு சேர்ந்திருப்பவர்களுக்குக் கூடுதலாக உதவும். வாய் உலரும், மலச்சிக்கல் கூடும். இதயத் துடிப்பில் கோளாறு இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நிறையப் பேர் தோற்றுப்போவது இங்கேதான். நாலு நாள் போட்டுப் பார்த்து, மயக்கமாக இருக்கிறது, வலி போகவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இந்த மருந்துகளைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகும் நாலு முதல் ஆறு வாரம் பார்த்தால்தான் கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். முதல் வாரத்து மயக்கம் பெரும்பாலும் தணியும். அப்புறம் ஒன்று, கேட்கவில்லை என்றாலும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

எரிச்சல் மொத்தமாகப் போய்விடுமா என்றால், பெரும்பாலும் போகாது. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். பத்துக்கு எட்டாக இருந்த வலி ஐந்தாக இறங்கி, ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்க முடிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். வலி ஆராய்ச்சி செய்பவர்களே மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அதை நல்ல பலன் என்றுதான் கணக்கில் எடுக்கிறார்கள். முழுசாகப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் ஒவ்வொரு வைத்தியமாகப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறார்கள்.

டாக்டரிடம் போகும் முன்பு வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் ஒரு மனித உருவத்தை முன்னும் பின்னுமாக வரைந்து, அவர் கையில் கலர் பென்சில்களைக் கொடுங்கள். எரிகிற இடத்துக்குச் சிவப்பு. இறுக்கிக் கட்டினாற்போல் இருக்கிற இடத்துக்குப் பச்சை. கால் வெட்டி வெட்டி இழுத்து வலிக்கிற இடத்துக்கு நீலம். முதுகில் கம்பி வைத்த இடத்தில் உட்கார்ந்தால் வலி, படுத்தால் இல்லை என்றால் அதற்குக் கறுப்பு. நான் வார்டில் இதைத்தான் முதல் வேலையாகச் செய்வேன். உடம்பெல்லாம் வலி என்று சொல்லிக்கொண்டு வந்தவர் தாளை நீட்டும்போது அதில் மூன்று நிறம் இருக்கும். மூன்றுக்கும் மூன்று வைத்தியம். இழுப்பு வலிக்கு பாக்லோஃபென் மாத்திரையும் தினசரி கால் நீட்டும் பயிற்சியும். கறுப்புக்குக் கம்பியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உட்காரும் விதத்தைச் சரிசெய்ய வேண்டும். சிவப்புக்கும் பச்சைக்கும்தான் மேலே சொன்ன நரம்பு மருந்து. எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் சொன்னால், டாக்டரும் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையைத்தான் எழுதுவார்.

தாளுடன் ஆபரேஷன் காகிதம், எம்.ஆர்.ஐ. படம், இதுவரை போட்ட மருந்துகளின் காலி அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். உங்கள் வீட்டில் பர்மிய மொழி சரளமாகப் பேசுகிறவரை உடன் அழைத்துப் போங்கள். ஆனால் டாக்டரிடம் அவர் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். டாக்டர் முன்னால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும்.

வேலூர் பற்றி. அது நல்ல இடம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கிற அமர் சேவா சங்கமும், 1975-இல் கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட ராமகிருஷ்ணன் என்பவர் 1981-இல் தொடங்கியதுதான். இந்த இடங்களில் வாரக்கணக்கில் தங்கி, சிறுநீர், மலம், தோல், வண்டி ஏறி இறங்குவது என்று வாழ்க்கையையே திரும்பக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நரம்பு வலிக்கு அங்கே எழுதிக் கொடுக்கப் போகிற மருந்தும் இதே மூன்றில் ஒன்றுதான். அதற்காகத் தோட்டத்தை விற்காதீர்கள். முதலில் ரங்கூனில் கெமண்டைனில் உள்ள தேசிய மறுவாழ்வு மருத்துவமனையில் காட்டுங்கள். வீல்சேருக்கோ தாங்கு கருவிக்கோ உங்கள் பக்கத்திலேயே பாஅன் நகரில், செஞ்சிலுவையினர் ஏற்படுத்திய எலும்பியல் மறுவாழ்வு மையம் இருக்கிறது. இங்கே சரியான அளவில், சரியான காலத்துக்கு மருந்து போட்டுப் பார்த்த பிறகும் தூக்கம் வராமல் அவர் தவித்தால், அப்போது வேலூரைப் பற்றி மறுபடி எழுதுங்கள். அதுவரை அந்தத் தோட்டம்தான் உங்கள் இரண்டு பேருக்கும் மாத்திரை வாங்கிக் கொடுக்கப் போகிறது.

கேள்வி: என் அண்ணனுக்குக் கழுத்தில் அடிபட்டுக் கைகால் வராது. சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறது. சில நாள் திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலி என்கிறார், முகம் சிவந்து நெற்றியில் வியர்க்கிறது. பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்கிறேன். போன வாரம் பக்கத்து நர்ஸ் பிரஷர் பார்த்து 150 என்றார், அது பெரிசில்லை என்றும் சொன்னார். – தட்டோன் வாசகர்

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன். படுக்க வைக்காதீர்கள். உட்கார வையுங்கள்.

மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இப்படி வரும். கீழே ஏதோ ஒன்று உடம்பை உறுத்துகிறது, அவருக்கு அது வலியாகத் தெரிவதில்லை. ஆனால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது. கழுத்தில் அடிபட்டவர்களின் சாதாரண பிரஷரே 90, 100 என்றுதான் இருக்கும். அவருக்கு 150 என்பது ரொம்பப் பெரிது. விட்டுவிட்டால் மூளையில் இரத்தம் கசியலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

வந்தவுடன் நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். லுங்கி முடிச்சு, பெல்ட், காலுறை, சிறுநீர்ப் பை கட்டிய பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். அப்புறம் குழாயைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, பை நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். குழாய் அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். அதில் கோளாறு இல்லை என்றால் அடுத்து மலம் கட்டியிருக்கலாம். அதுவும் இல்லை என்றால் முதுகுப் பக்கம், குதிகால், விரல் நகம் என்று தோல் முழுவதும் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பாருங்கள். காரணம் கிடைக்காமல் பிரஷர் ஏறியே இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், வழியிலும் உட்கார்ந்தபடியே வரட்டும்.

சின்ன ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்திராத டாக்டர் இருக்கலாம். ‘கழுத்துத் தண்டுவடக் காயம், வழக்கமான பிரஷர் இவ்வளவு, திடீரென்று ஏறினால் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் முதலில் பாருங்கள்’ என்று பர்மிய மொழியில் ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு அண்ணன் கழுத்தில் மாட்டிவிடுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்.

கேள்வி: பெகுவில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பைக் விபத்துக்குப் பிறகு ஏழு வருடமாக வீல்சேர்தான். கால் எரிச்சல் பழகிவிட்டது. இப்போது வலது தோள்பட்டை வலிதான் தாங்க முடியவில்லை. சட்டை மாட்டக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. ஊசி போடலாமா?

பதில்: தோள்தான் இப்போது உங்களுக்குக் கால், தம்பி. அதனால் இதை விட்டு வைக்கக்கூடாது.

தோள்மூட்டு உடம்பைச் சுமக்க அமைந்தது அல்ல. ஒரு நாளில் எத்தனை முறை கையை ஊன்றி உடம்பைத் தூக்குகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கட்டிலிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கழிப்பறைக்கு, புண் வராமல் இருக்க உட்கார்ந்த இடத்திலேயே ஒரு தூக்கு. அந்தக் கடைசித் தூக்கை இன்றோடு விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக, அரை மணிக்கு ஒருமுறை மார்பு தொடையில் படும் அளவுக்கு முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம் இருங்கள். கடை மேசையில் கையை வைத்துக்கொண்டே சாயலாம். புட்டத்துக்கு இரத்த ஓட்டம் திரும்ப இது தூக்குவதைவிட நல்லது, தோளுக்கும் ஓய்வு.

அடுத்து வண்டி. நிமிர்ந்து உட்கார்ந்து, தள்ளும் வளையத்தின் உச்சியில் கையை வைத்துப் பாருங்கள். முழங்கை 100 முதல் 120 டிகிரி வரை விரிந்திருக்க வேண்டும். மடக்கு அதிகமாக இருந்தால் இருக்கை தாழ்வு, நீங்கள் ஒவ்வொரு தள்ளுக்கும் தோளை உயர்த்தித்தான் தள்ளுகிறீர்கள். சிறு சிறு தள்ளாகப் படபடவென்று தள்ளாமல், நீளமாக ஒரு தள்ளு, கை வளையத்துக்குக் கீழே தொங்கித் திரும்பி வந்து மறுபடி நீளமாக ஒரு தள்ளு. காற்றைச் சரியாக அடித்து வையுங்கள். டயரில் காற்று இறங்கினால் அந்தப் பாரமும் தோளுக்குத்தான்.

பயிற்சிக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும். ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி, ஜன்னல் கம்பியில் இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். பக்கவாட்டில் வண்டியை நிறுத்தி, வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டை வைத்து, முழங்கையை மடக்கியபடி டியூப்பை வெளிப்பக்கம் இழுத்து, மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். துண்டு விழுந்தால் தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். எட்டு தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. வாரத்தில் மூன்று நாள். தள்ளித் தள்ளி மார்புத் தசை மட்டும் பலத்துத் தோள் முன்னால் வளைந்துவிடும். கதவு நிலையில் கையை வைத்து மார்பை நீட்டுவதும் அதற்காகத்தான் அவசியம். சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஊசி வீக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு அடக்கும். காரணம் அப்படியே இருந்தால் வலி திரும்ப வரும். தசைநார் கிழிந்திருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கால் எரிச்சல் ‘பழகிவிட்டது’ என்று ஒரே சொல்லில் கடந்துபோயிருக்கிறீர்கள். பழகிப்போன எரிச்சலுக்கும் மருந்து உண்டு. முடோன் அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: அப்பாவின் காலுக்குச் செங்கல்லைச் சூடுபண்ணித் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாமா? ஏறி மிதித்து மசாஜ் செய்கிறவர் ஒருவரும் வீட்டுக்கு வருகிறார். – டலா வாசகி

பதில்: இரண்டுமே கூடாது மகளே. உணர்வில்லாத தோலில் சூடு தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள். அந்தத் தீப்புண் ஆற மாதக்கணக்காகும். சுடுநீர்ப் பையும் அப்படித்தான். நடக்காத காலின் எலும்பு வலுவிழந்து மெலிந்திருக்கும், ஒருவர் ஏறி மிதித்தால் உடையும், உடைந்ததுகூட அப்பாவுக்குத் தெரியாது. கழுத்து, தோள், முதுகின் மேல்பக்கம் என்று உணர்வு இருக்கிற இடத்தில் எண்ணெய் தடவி இதமாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள். அது நன்றாகத் தூக்கம் தரும், வலியும் கொஞ்சம் பின்னால் போகும்.

கேள்வி: அடிபட்டு ஒன்பது வருடம். எரிச்சல் எப்போதும் ஒரே அளவாக இருக்கும். இரண்டு மாதமாகத் திடீரென்று கூடிவிட்டது. மாத்திரையைக் கூட்டலாமா? – சிரியம் வாசகர்

பதில்: கூட்டும் முன்பு, ஏன் கூடியது என்று பாருங்கள் ஐயா. நரம்பு வலி தானாகக் கூடுவதைவிட, வேறொன்று அதைத் தூண்டிக் கூட்டுவதுதான் அதிகம். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் கால் எரிச்சல் இரண்டு மடங்காகிவிட்டது என்று வந்தார். காலுறையைக் கழற்றினால் குதிகாலில் கருநீலமாக ஒரு வட்டம், நடுவில் ஈரம். வீல்சேர் கால்பலகையின் விளிம்பு அழுத்தி வந்த புண். கால்பலகையில் பஞ்சு வைத்துப் புண்ணை ஆற்றினோம், எரிச்சல் பழைய அளவுக்கு இறங்கியது. ஒரு மாத்திரைகூடக் கூட்டவில்லை. சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், நாள்பட்ட மலச்சிக்கல், உள்ளே வளரும் நகம், இவையெல்லாம் இதே வேலையைச் செய்யும். சிறுநீர் கலங்கி நாற்றமடிக்கிறதா? காய்ச்சல், குளிர் உண்டா? முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பு உணர்வு இருந்த இடத்தில் இப்போது மரத்துப்போகிறதா, சூடு குளிர் தெரியாத எல்லை மேலே ஏறுகிறதா, கைப்பிடி தளர்கிறதா, இருமினால் வலி பாய்கிறதா? அப்படி இருந்தால் தண்டுவடத்துக்குள்ளேயே நீர் தேங்கிப் பை மாதிரி விரிந்திருக்கலாம். அடிபட்டுப் பல வருடம் கழித்தும் இது வரும். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடும். நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் உடனே போக வேண்டிய விஷயம் இது, மாத்திரையால் ஆகாது. கை பலம் ஒருமுறை போய்விட்டால் திரும்ப வருவது கஷ்டம்.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசி போட்டால் வலியும் போகும், நடக்கவும் முடியும் என்று வெளிநாட்டு கிளினிக் ஒன்றின் வீடியோ பார்த்தோம். – ரங்கூன் வாசகர்

பதில்: ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன, உண்மைதான். ஆனால் தண்டுவடக் காய வலிக்கு இதுதான் வைத்தியம் என்று நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இல்லை. முறையான ஆராய்ச்சியில் சேருகிறவர்களிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் கேட்பது வழக்கமில்லை. பெரும் பணத்தை முன்னாலேயே கட்டச் சொன்னால், அந்த வீடியோவை மூடிவிடுங்கள். இந்த ஊசி போட்ட இடத்தில் தண்டுவடத்திலேயே கட்டி வளர்ந்து, இருந்த உணர்வையும் இழந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வலியோடு இருப்பதைவிடப் போய்விடலாம் என்று சொல்கிறான். பகலிலும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். கோயிலில் தீமிதிக்கு வேண்டியிருக்கிறேன். வேறு என்ன செய்ய? – மோல்மீன் வாசகி

பதில்: வேண்டுதலை நிறைவேற்றுங்கள் அம்மா, அது உங்களுக்குத் தெம்பு. ஆனால் அவன் சொன்னதைச் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அருகில் உட்கார்ந்து, ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி என்றும் யோசித்தாயா’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனதில் இருப்பதை இறக்கி வைக்க வழி கிடைக்கும். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்து, ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் கொடுங்கள். அமிட்ரிப்டிலின் ஒரே தடவையில் நிறையப் போட்டால் உயிருக்கு ஆபத்து. இந்த வாரமே மனநல டாக்டரைப் பாருங்கள். யோசித்து வைத்திருக்கிறேன் என்று அவன் சொன்னால் வாரம் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அதுவரை தனியே விடாதீர்கள்.

வலியும் சோர்வும் தூக்கமின்மையும் ஒன்றையொன்று வளர்க்கும். சோர்வுக்கு மருந்து கொடுத்தால் வலியும் இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே மாதிரி, வலிக்குச் சரியான மருந்து கிடைத்துத் தூங்கி எழுந்தவர்கள் பேசத் தொடங்குவதையும் பார்த்திருக்கிறேன். எதற்கு முதலில் மருந்து என்று காத்திருக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

அவனைப் போலவே அடிபட்ட இன்னொருவரோடு அவன் பேச வேண்டும். நாம் என்ன சொன்னாலும் ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்றுதான் அவனுக்குத் தோன்றும், அவனைக் குறை சொல்ல முடியாது. பெகுவிலிருந்து கடிதம் எழுதிய போன் கடைத் தம்பியிடம் ஆசிரியர் குழு உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. உங்கள் மகனோடு போனில் பேச அவர் சம்மதித்துவிட்டார். பையனுக்கும் சம்மதம் என்றால் மட்டும் உங்கள் எண்ணை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். கடை மூடியதும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தன்னால் பேச முடியும் என்று சொல்லியிருக்கிறார்.